பாசி மருந்து வாங்கும் முன் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்: மீன் தொட்டிக்காரர்கள் தடுக்கி விழும் இடங்கள்

கும்மிடிப்பூண்டியில் மீன் தொட்டி வைத்திருப்பவனுக்கு மருந்து வாங்க இரண்டு திசை உண்டு. தெற்கே ரயிலேறினால் சென்னை, அங்கே கொளத்தூர் வண்ணமீன் கடைகள். வடக்கே எளாவூர் சோதனைச்சாவடி தாண்டி, ஆரம்பாக்கம் தாண்டி, ஆந்திராவுக்குள் தடா, சூளூர்பேட்டை, நாயுடுபேட்டை என்று போனால் இறால் பண்ணைகளுக்குச் சரக்கு போடும் மருந்துக் கடைகள். கொளத்தூரில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பாட்டில் தருவார்கள், அந்தப் பக்கம் போனால் அதே காசுக்குக் கேனே தூக்கிக்கொண்டு வரலாம் என்று எங்கள் பக்கத்தில் ரொம்ப நாளாக ஒரு நம்பிக்கை. நானும் நம்பினேன்.

என் செர்ரி இறால் தொட்டியில் பிளானேரியா வந்திருந்தது. கண்ணாடியில் வெள்ளையாக வழுக்கிக்கொண்டு போகும், தலை மட்டும் அம்பு மாதிரி இருக்கும், அந்தப் புழு. அந்தப் பக்கத்துக் கடை ஒன்றில் விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலைக் கொண்டுவந்தார்கள். லேபிள் கிடையாது. மார்க்கரில் தெலுங்கில் ஒரே ஒரு சொல்: புருகுலு. அதாவது பூச்சிகள். "அண்ணா, ரொய்யா (இறால்) குட்டைக்கே போடுறது இது, உங்க கண்ணாடித் தொட்டி எம்மாத்திரம்" என்றார் கடைப் பையன். ராத்திரி அரை மூடி ஊற்றினேன். காலையில் எல்லா இறாலும் வேகவைத்தது போல வெளுத்துப் படுத்திருந்தன. பிளானேரியா மட்டும் இரண்டு நாள் கழித்து மறுபடி ஊர ஆரம்பித்தது.

சண்டை போடலாம் என்று கிளம்பினால் எதை வைத்துப் போடுவது? பில் இல்லை. உள்ளே என்ன இருந்தது, யார் தயாரித்தது, எத்தனை சதவீதம், எதுவும் தெரியாது. அந்தப் பாட்டிலில் சட்டம் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடிகூட இல்லை. அன்றிலிருந்து எந்தப் பாட்டிலை எடுத்தாலும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்கிற வியாதி எனக்கு வந்துவிட்டது. படிக்கப் படிக்கத்தான் நாமெல்லாம் எங்கெங்கே தவறு செய்கிறோம் என்று தெரிந்தது.

"வண்ணமீனுக்கு எதுக்குங்க சட்டம்?"

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். தின்னும் மீனுக்குத்தான் கட்டுப்பாடு, அழகுக்கு வைத்த மீனுக்கு யார் கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்பு. ஆனால் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தை எடுத்துப் பாருங்கள், மனிதருக்கோ விலங்குக்கோ நோயைத் தீர்க்க, தடுக்க என்று தரப்படுவது எல்லாம் அதில் மருந்துதான். மீனும் விலங்குதானே. இன்னொரு பக்கம் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். பெயரில் பூச்சி என்று இருந்தாலும் அது பூச்சியோடு நிற்பதில்லை, பூஞ்சை, களை, எலி, மனிதனுக்குப் பயன்படாத மற்ற செடி, உயிர் எல்லாவற்றையும் கொல்லும் பொருள்கள் அதன் அட்டவணையில் வரும். மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) வேப்பங்கொட்டைச் சத்தில் செய்த மருந்தும் உட்பட.

இப்போது ஒரே பாட்டிலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் "வெள்ளைப்புள்ளி நோய் குணமாகும்" என்று எழுதினால் அது மருந்து. "நத்தையைக் கொல்லும், பாசியைக் கொல்லும்" என்று எழுதினால் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் வாசலில் போய் நிற்கிறது. "தண்ணீர் பளிச்சென்று தெளியும்" என்று மட்டும் எழுதிவிட்டால்? இரண்டுமில்லை, வெறும் சரக்கு, எடையளவுச் சட்டத்தின் பொட்டல விதிகளோடு முடிந்தது. பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: அட்டவணையில் உள்ள பொருளாகவே இருந்தாலும், உயிரைக் கொல்வது தவிர வேறு நோக்கத்துக்கு என்றால் இந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது. மயில்துத்தம் மின்முலாம் பூசப் போனால் ரசாயனம், திராட்சைத் தோட்டத்துக்குப் போனால் பூஞ்சைக்கொல்லி. சரக்கு ஒன்றுதான், போகிற இடம்தான் வேறு.

இது நம் ஊர்க் கோணல் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான், அங்கே இன்னும் சுவாரசியமாக நடக்கிறது. 1947-ல் வந்த அவர்களுடைய கூட்டாட்சிப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, ஒரு பொருள் பாசியைக் கொல்லும் என்று விளம்பரம் செய்தால் அதைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செலவு, ஆய்வு செலவு என்று கையைக் கடிக்கும். அதனால் குளூட்டரால்டிஹைடு வகைச் சரக்கு அங்கே "செடிகளுக்கான திரவ கார்பன்" என்ற பெயரில் கடையில் இருக்கும். ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யப் பயன்படும் அதே வேதிப்பொருள்தான். கருந்தாடிப் பாசிக்கு அதை ஊற்றுகிறார்கள் என்பது தொட்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும், பாட்டிலில் மட்டும் அந்தச் சொல் இருக்காது. பார்லி வைக்கோலும் அப்படித்தான். குளத்தில் போட்டால் பாசி குறையும் என்று ஊரெல்லாம் சொல்வார்கள், ஆனால் பாசிக்கொல்லி என்று பதிவு ஆகாததால் விற்பவர் அதைச் சொல்லக் கூடாது.

ஆக, பாட்டிலின் முன்பக்கத்தில் பாசி என்ற சொல் இல்லாததால் அது சாதுவான சரக்கு என்று முடிவு கட்டுவது முதல் தவறு. சொல்லைத் தவிர்த்ததற்குக் காரணம் சட்டமாக இருக்கலாம், உள்ளே இருப்பது அதே சண்டியராக இருக்கலாம்.

வெளிநாட்டு எண்ணைப் பார்த்து மயங்குவது

இறக்குமதிப் பாட்டில் ஒன்றில் அமெரிக்கப் பதிவு எண் போட்டிருக்கும். உடனே நம் ஆட்கள், "பாருங்க, கவர்ன்மென்ட் அப்ரூவ்டு" என்று ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார்கள். அந்த எண்ணுக்கு அர்த்தம், அங்கே, அந்த லேபிளில் சொன்ன இடத்தில், சொன்ன அளவில் பயன்படுத்த அனுமதி என்பது மட்டும். அதே லேபிளில் இன்னொரு வாக்கியமும் இருக்கும்: லேபிளுக்கு முரணாகப் பயன்படுத்துவது கூட்டாட்சிச் சட்டத்தை மீறுவதாகும். அதை யாரும் படித்துக் காட்டுவதில்லை. இங்கே விற்க இங்கே உள்ள சட்டம்தான் செல்லும்.

இன்னொன்று, பதிவு என்பது பாதுகாப்புச் சான்றிதழ் கிடையாது. அமெரிக்காவில் முறையாகப் பதிவான பிரபலமான ஒரு பாசிக்கொல்லியின் லேபிளிலேயே இறால், நண்டு உள்ள தொட்டியில் போடாதே என்று இருக்கிறது. மீனுக்கு ஒன்றும் ஆகாது, இறாலுக்கு எமன். பதிவு எண்ணைப் பார்த்தவர்கள் அதற்குக் கீழே இருந்த அந்த வரியைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நம் ஊரில் முறையான பூச்சிக்கொல்லிக்கு என்ன அடையாளம்? மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவுக் குழு (அலுவலகம் ஹரியானாவில் ஃபரீதாபாத்) தந்த பதிவு எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, விஷமுறிவு மருந்து என்ன என்ற வரி, அப்புறம் சாய்ந்து நிற்கும் சதுரத்துக்குள் வண்ண முக்கோணம். சிவப்பு என்றால் கடும் விஷம், மண்டையோட்டுப் படமும் இருக்கும். மஞ்சள் அதற்கடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்த விஷம். பச்சையைப் பார்த்து நம் ஆட்கள் சைவ உணவுப் புள்ளி மாதிரி ஏமாறுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பச்சை முக்கோணமும் விஷம்தான், அதுவும் அந்த நிறம் மனிதனையும் பாலூட்டிகளையும் கணக்கில் வைத்துக் கொடுத்தது. மீனுக்கும் இறாலுக்கும் அது எதையும் சொல்லாது. பூச்சிக்குப் போடுவது ஓட்டு உயிர்களுக்கு ஆகாது என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம், இறாலும் பூச்சியும் சொந்தக்காரர்கள்.

விலங்கு மருந்து என்றால் அடையாளமே வேறு. "மனிதர் பயன்பாட்டுக்கு அல்ல, விலங்குகளின் சிகிச்சைக்கு மட்டும்" என்று எழுதி, வீட்டு விலங்கு ஒன்றின் தலைப் படம் போட வேண்டும் என்பது விதி. மீன் மருந்தில் மாட்டுத்தலை இருக்கிறதே, தப்பான பாட்டிலா என்று ஒரு தம்பி என்னைக் கேட்டான். சரியான பாட்டில்தான் தம்பி, மீன் தலையை யாரும் விதியில் யோசிக்கவில்லை.

என் அலமாரியில் இப்போது இருக்கும் சிறு பாட்டில்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டு அடையாளமும் கிடையாது. "வாட்டர் கண்டிஷனர்", "கிளியர்", "டானிக்" என்ற பெயர்களில் இருக்கின்றன. குறைந்தபட்சம் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, நிகர அளவு, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, புகாருக்கு யாரைக் கூப்பிடுவது என்பதாவது இருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகள் கேட்பது இவ்வளவுதான். இதுகூட இல்லாத பாட்டிலை இப்போது நான் தொடுவதில்லை.

"நான் என் வீட்டுத் தொட்டிக்குத்தானே போடுறேன்"

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் ஆபத்தும் அதிகம். முன்னால் சொன்ன அதே 38-ஆம் பிரிவில் இன்னொரு விலக்கு உண்டு: சொந்த வீட்டு உபயோகத்துக்கும், வீட்டுத் தோட்டத்துக்கும், தான் பயிரிடும் நிலத்துக்கும் ஒருவர் பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்துவதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே உங்கள் தொட்டியில் நீங்கள் ஊற்றியதற்காக ஆய்வாளர் வந்து கதவைத் தட்டப்போவதில்லை. ஆனால் அது பயன்பாட்டுக்குத்தான் விலக்கு. விற்பனைக்குக் கிடையாது. ஐந்து லிட்டர் கேன் வாங்கி, குளிர்பான பாட்டிலில் பிரித்து ஊற்றி, குரூப்பில் "பாசி மருந்து 50 மில்லி, கூரியர் தனி" என்று போடுகிறார்களே, அந்த இடத்தில் விலக்கு முடிந்தது. உரிமம் இல்லாமல் விற்பது ஒன்று, லேபிள் இல்லாமல் விற்பது இன்னொன்று. 2022-ல் விதிகளைத் திருத்தி இணையத்தில் பூச்சிக்கொல்லி விற்க வழி விட்டார்கள், அதுவும் உரிமம் உள்ளவருக்கு மட்டும்தான், அந்த உரிமத்தைத் தளம்தான் சரிபார்க்க வேண்டும்.

சட்டம் கிடக்கட்டும். குளிர்பான பாட்டிலில் விஷம் வைக்கிற வீட்டில் குழந்தை இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

தடை ஆனது தெரியாமல் பழைய வைத்தியம் சொல்வது

மீன் பேன், நங்கூரப் புழு என்று மீன் உடம்பில் ஒட்டிக்கொள்ளும் ஒட்டுண்ணிகளைச் சொன்னதும் பழைய ஆட்கள் வாயில் வரும் முதல் பெயர் நுவான். உள்ளே இருப்பது டைக்ளோர்வாஸ். ஒரு காலத்தில் மீன் பண்ணை, கோழிப் பண்ணை, வீட்டுக் கரப்பான் எல்லாவற்றுக்கும் அதுதான். இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் டிரைக்ளோர்ஃபான் என்பார்கள், வெளிநாட்டுப் பழைய மீன் வளர்ப்புக் குறிப்புகளில் அது நிறையவே வரும். 2018 ஆகஸ்ட் மாதம் மத்திய அரசு 18 பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை போட்டது. ஃபென்தயான் முதலான 12-ஐ உடனடியாக நிறுத்தியது, இந்த டைக்ளோர்வாஸும் டிரைக்ளோர்ஃபானும் மீதி ஆறில் வந்தன, அவற்றுக்கு 2020 டிசம்பர் 31 வரை அவகாசம். அது முடிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றைக்கும் "நுவான் ரெண்டு சொட்டு" என்று ஒருவர் சொன்னால் அவர் ஒன்று பழைய ஸ்டாக் வைத்திருக்கிறார், அல்லது போலி வாங்கியிருக்கிறார், அல்லது பத்து வருஷத்துக்கு முந்தைய அறிவுரையைத் தூசி தட்டித் தருகிறார். நரம்பைத் தாக்கும் விஷம் அது, மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கிற சரக்கு கிடையாது.

நங்கூரப் புழுவுக்கு டைஃப்ளூபென்சுரான் போடுகிறார்கள், அது பூச்சியின் மேல் ஓடு உருவாவதைத் தடுக்கும் வகை. மீனுக்கு அவ்வளவாகக் கெடுதல் இல்லை, ஆனால் ஓடு மாற்றி வளர்கிற எல்லாவற்றுக்கும் பொருந்தும், அதாவது இறாலுக்கும். மீன் தொட்டிக்கும் இறால் தொட்டிக்கும் ஒரே வலையை நனைத்து எடுக்கிற பழக்கம் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எல்லைக்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். பதிவு மத்திய அரசு தருவது, இரண்டு மாநிலத்துக்கும் ஒன்றே. விற்பனை உரிமம் மாநிலம் தருவது. ஆபத்து என்று பட்டால் ஒரு மாநில அரசு தன் எல்லைக்குள் 60 நாள் வரை ஒரு பூச்சிக்கொல்லியை நிறுத்திவைக்கவும் முடியும், தமிழ்நாடு மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட சிலவற்றுக்கு அப்படிச் செய்திருக்கிறது. அப்போது ஆரம்பாக்கத்தில் கிடைக்காதது தடாவில் கிடைக்கும், வண்டியில் கொண்டுவந்துவிடலாம் என்று தோன்றும். தோன்றட்டும். ஆனால் தடாவில் வாங்கிய சரக்கில் கோளாறு என்றால் திருவள்ளூர் வேளாண் அலுவலகத்தில் போய் நின்று பயனில்லை, அந்தக் கடையின் உரிமம் ஆந்திர அரசு தந்தது, ஆய்வாளரும் அங்கேதான். லேபிளும் துண்டுப்பிரசுரமும் இந்தி, ஆங்கிலத்தோடு அந்தப் பகுதி மொழியில் இருக்கும், அதாவது தெலுங்கில். எங்கள் பக்கம் பேச்சுத் தெலுங்கு எல்லோருக்கும் வரும், எழுத்துக் கூட்டிப் படிக்க எத்தனை பேருக்கு வரும்? தெரிந்தவரிடம் கொடுத்துப் படித்துக்காட்டச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆன்டிபயாட்டிக் விஷயம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் வாதாட இடமே இல்லை. மெடிக்கலில் போய் "மீனுக்கு" என்று சொல்லி மாத்திரை வாங்கிப் பொடித்துத் தொட்டியில் போடுவது. அட்டவணை எச், 2014 முதல் எச்-1, இவற்றில் உள்ள ஆன்டிபயாட்டிக்கைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, பட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருப்பது அதற்குத்தான். சீட்டு கால்நடை மருத்துவரும் தரலாம். 2019 ஜூலையில் கொலிஸ்டினை உணவுக்கான விலங்குகளுக்கும் கோழிக்கும் மீன்வளர்ப்புக்கும் தடை செய்தார்கள், மனிதனுக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் மருந்து அது என்பதால். குளோராம்பெனிகாலும் நைட்ரோஃபியூரான் வகையும் இறால் பண்ணையில் கூடவே கூடாது, ஏற்றுமதிச் சரக்கில் துளி இருந்தாலும் கன்டெய்னர் திரும்பி வரும் என்று நெல்லூர்ப் பக்கம் பண்ணை வைத்திருப்பவரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். அவர்களே பயந்து ஒதுக்கியதை நாம் கப்பி மீனுக்கு வாங்கி வருகிறோம். இதில் இன்னொரு கூத்து, பாசிக்கு ஆன்டிபயாட்டிக். தரையில் பாய் விரித்தது போல் படரும் நீலப்பச்சைப் படலம் உண்மையில் பாக்டீரியா, எரித்ரோமைசின் போட்டால் போய்விடும், உண்மைதான். கூடவே ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்னுகிற நல்ல பாக்டீரியாவும் அடி வாங்கலாம். அதற்குப் பதில் இரண்டு மூன்று நாள் தொட்டியைப் போர்வை போட்டு இருட்டாக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது, செலவு ஒரு பழைய போர்வை.

"இது இயற்கைங்க, கெமிக்கல் கிடையாது"

இந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை நத்தை செத்திருக்கும் என்று கணக்கே இல்லை. பிளானேரியாவுக்கு என்று வரும் பொடிகள் சில பாக்குச் சத்துதான். பாக்கு அதிகம் மென்றால் நமக்கே தலை சுற்றி வியர்க்கும், புழுவை விடுமா? புழு சாகும், இறால் தப்பும், ஆசையாக வாங்கிய வரிக்குதிரை நத்தை மட்டும் சாகும். நாய்க்குத் தரும் குடற்புழு மருந்து ஃபென்பென்டசோலும் அதே மாதிரி பிளானேரியா, ஹைட்ரா (கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கைகளை நீட்டும் சின்ன உயிர்) இரண்டையும் தூக்கும், நத்தைகளில் சிலவற்றையும் சேர்த்துத் தூக்கும், மணலில் தங்கி ரொம்ப நாளைக்கு வேலை செய்துகொண்டே இருக்கும்.

இயற்கை என்றால் சாது என்று நம்புகிறவர்களை நான் இறால் குட்டைக்குக் கூட்டிப்போக விரும்புகிறேன். குட்டையில் வேண்டாத மீனை மட்டும் ஒழித்து இறாலைக் காப்பாற்ற அவர்கள் போடுவது தேயிலை விதைப் புண்ணாக்கு. மீன் குட்டையைத் தயார் செய்யும்போது இருக்கிற மீனையெல்லாம் ஒழிக்கப் போடுவது இலுப்பைப் புண்ணாக்கு. இரண்டிலும் உள்ள சப்போனின் மீனின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பாட்டி தலைக்குத் தேய்த்துக் குளித்த அரப்பு சமாச்சாரம்தான், மீனுக்கு அது மூச்சை நிறுத்துகிற சமாச்சாரம். என் இறால் செத்த கதைக்கு நேர் எதிர்ப்பக்கம் இது: அங்கே இறால் பிழைக்கும், மீன் சாகும். எது இயற்கை என்பது கேள்வியே இல்லை, எந்த உயிருக்கு என்பதுதான் கேள்வி. வேப்பெண்ணெய் மருந்தும் பூச்சிக்கொல்லி என்று விற்கப் பதிவு வேண்டும், சட்டத்துக்கு அந்த விவரம் தெரிந்திருக்கிறது.

அளவு

சட்டம் லேபிளைச் சரிபார்க்கும், உங்கள் கணக்கைச் சரிபார்க்காது. இரண்டடித் தொட்டி, ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் ஓரம்வரை நிரப்பினாலும் 57 லிட்டர்தான். மணல், கல், மேலே விட்ட இரண்டு அங்குலம் கழித்தால் 45 தேறும். கடையில் "நூறு லிட்டர் தொட்டி" என்று சொல்லி விற்றிருப்பார்கள். அப்புறம் காலன். அமெரிக்க காலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் காலன் 4.546. எந்த நாட்டுப் பாட்டில் என்று பார்க்காமல் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு பிசகும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு இன்னும் மோசம். பாசிக்கு என்று இணையத்தில் கிடைக்கும் அளவெல்லாம் பெரும்பாலும் 3 சதவீதக் கரைசலுக்கு எழுதியது. நம் மெடிக்கலில் "20 வால்யூம்" என்று தருகிறார்களே, அது 6 சதவீதம். மில்லியை அப்படியே காப்பி அடித்தால் இரண்டு மடங்கு போகும்.

மயில்துத்தத்தில் நான்கில் ஒரு பங்குதான் தாமிரம். 50 லிட்டரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் தாமிரம் வர வேண்டுமென்றால் மொத்தமே 40 மில்லிகிராம் மயில்துத்தம் போதும். விரலால் ஒரு சிட்டிகை எடுத்துத் தராசில் வைத்துப் பார்த்தேன், 300-ஐத் தாண்டியது. ஏழு மடங்கு! அதற்கு மேல் தண்ணீர்க் கணக்கு வேறு. எங்கள் போர்த் தண்ணீர் கடினத்தன்மையும் காரத்தன்மையும் கூடியது, தாமிரத்தின் கொடுக்கைக் கொஞ்சம் பிடித்துவைக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் அந்தப் பிடிமானம் இல்லை, அதே அளவு மீனையே சாய்க்கும். "எங்க வீட்ல போட்டேன், ஒண்ணும் ஆகல" என்று ஒருவர் சொன்னால் முதலில் அவர் வீட்டுத் தண்ணீர் எது என்று கேளுங்கள். பாசி ஒரேயடியாகச் செத்தால் அது அழுகும்போது ஆக்சிஜனைத் தின்னும், விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறப்பது பல சமயம் மருந்தால் அல்ல, இதனால். ஏர் பம்ப்பை நிறுத்தாதீர்கள்.

நீங்கள் போடாத மருந்து

பொன்னேரியில் ஒரு நண்பர் மொட்டை மாடியில் தொட்டியும் டப்பும் வைத்து இறால் வளர்த்தார். மழைக்காலத்தில் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வருவார்கள் அல்லவா, திறந்து கிடக்கும் தண்ணீரில் அபேட் ஊற்றுவார்கள். உள்ளே இருப்பது டெமிஃபாஸ். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் குடிநீர்த் தொட்டியில் போடவே உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்ட மருந்து அது, மீன்களும் பொதுவாகத் தாங்கும். இறால் தாங்காது, அதுவும் நுவான் போல நரம்பைத் தாக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகைதான். அவர் வீட்டில் இல்லாத நேரம் அம்மா கதவைத் திறந்துவிட்டார், அவர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்துவிட்டுப் போனார்கள். தப்பு அவர்கள் பேரில் இல்லை. கொசுப்புழு வளரவிடுவதுதான் 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டப்படி குற்றம். டப்பில் இரண்டு கப்பி விட்டு, "மீன் உள்ளது, கொசுப்புழு இல்லை, மருந்து வேண்டாம்" என்று அட்டை எழுதிக் கட்டியிருக்கலாம். இப்போது கட்டியிருக்கிறார். மீன் விட முடியாத டப் என்றால் பிடிஐ என்ற பாக்டீரியா மருந்து இருக்கிறது, கொசுப்புழுவை மட்டும் பார்த்துக்கொள்ளும், மீனையும் இறாலையும் தொடாது.

மிச்சத்தை எங்கே ஊற்றுவது

மருந்து போட்ட தண்ணீரை வாளியில் மொண்டு வாய்க்காலில் கொட்டுவது எங்கள் தெருவில் சர்வ சாதாரணம். வாய்க்கால் எங்கே போகிறது? இந்தப் பக்கத்து ஓடைகள் பலவும் ஆரணியாறும் கடைசியில் பழவேற்காடு ஏரியில்தான் போய்ச் சேர்கின்றன, தடா, சூளூர்பேட்டைப் பக்கத்துக் காளங்கியும் அங்கேதான். ஏரிக்கு மாநில எல்லை கிடையாது, அங்கே வலை போடுகிறவர்கள் பிடிப்பது இறாலும் நண்டும், அதாவது தாமிரத்துக்கும் பூச்சிக்கொல்லிக்கும் முதலில் சாகிற உயிர்கள். ஓடையிலோ கிணற்றிலோ சாக்கடையிலோ தெரிந்தே விஷப் பொருளை விடக் கூடாது என்று 1974-ஆம் ஆண்டுத் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் சொல்கிறது, முன்னால் பார்த்த வீட்டு உபயோக விலக்கு இங்கே உதவாது. மீன் நோய்க்குப் போடும் மாலகைட் கிரீன் என்ற பச்சைச் சாயம் கலந்த தண்ணீரை ஊர்க் குளத்தில் விடுவதும் அப்படித்தான், அது மாறி மீனின் கொழுப்பில் போய்த் தங்கும், அந்தக் குளத்து மீனை யாரோ குழம்பு வைப்பார்கள்.

நான் செய்வது இது. மருந்துத் தண்ணீரை ஃபில்டரில் கரியோடு ஒரு நாள் ஓட்டிவிட்டு (சாயத்தையும் பல மருந்துகளையும் கரி பிடித்துக்கொள்ளும், தாமிரத்தை நம்ப முடியாது), குளம் கிணறு வாய்க்கால் இல்லாத காய்ந்த மண்ணில், காய்கறி போடாத மூலையில் ஊற்றுகிறேன். மிச்ச மருந்தைப் பாட்டிலை விட்டு மாற்றுவதில்லை. வாங்கும்போதே இருப்பதில் சின்னதாக வாங்குகிறேன், பில் கேட்கிறேன், லேபிளைப் போனில் படம் எடுத்துவிட்டுத்தான் மூடியைத் திறக்கிறேன், தண்ணீர் பட்டால் முதலில் அழிவது பேட்ச் எண்தான். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான், தமிழிலும் பேசலாம். அவர்கள் கேட்கிற முதல் நான்கு கேள்விக்கும் பதில் அந்தப் போட்டோவிலேயே இருக்கும்.

அந்த மார்க்கர் பாட்டில் இன்னும் என் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது, முக்கால்வாசி அப்படியே. உள்ளே என்ன என்று தெரியாததால் எங்கே கொட்டுவது என்றும் தெரியவில்லை.